பழைய வாட்சுக்குப் புது வார்

பீரோவின் மூலையில் அப்பாவோ மாமனாரோ கட்டிய கீ கொடுக்கிற வாட்ச் ஒன்று வார் அறுந்து கிடக்கிறதா, சகோதரிகளே? பழைய சாமான்காரனிடம் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் கிடந்தது எச்.எம்.டி. 'ஜனதா'. ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனி தொழில்நுட்பம் தர, 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்ததும், இவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

வாட்ச் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. வாரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். டயலில் மட்டும் கை வைக்கக் கூடாது. புதுப் பெயின்ட் அடித்த டயலை அவர்கள் சீந்துவதில்லை. கம்பெனியோடு வந்த செயினையும், கை அளவுக்காகக் கழற்றிய கண்ணிகளையும் பொட்டலம் கட்டி பத்திரமாக வைப்பார்கள். லட்சக்கணக்கில் விலை போகும் ரோலெக்ஸ் வைத்திருப்பவர்களும் இப்படித்தான். ஆனால் 1972-ல் வந்த சுவிஸ் 'ராயல் ஓக்'கில் செயின் வாட்சின் உடம்போடு சேர்ந்தே இருக்கும். கடையில் வாங்கும் வார் பொருந்தாது. அந்தக் கவலை நமக்கெதற்கு!

நம் கவலை உப்புத்தான். ஜெகதாப்பட்டினத்துக் கடற்காற்றில் தோல் வார் வியர்வையை உறிஞ்சி நாற்றமெடுக்கும். உள்ளே இருக்கும் பின் துருப்பிடித்து ஒருநாள் படக்கென்று விட்டால், படகில் இருப்பவரின் வாட்ச் கடலுக்குத்தான். அதற்கு நைலான் பட்டை நல்லது. பிரிட்டிஷ் ராணுவம் 1973-ல் ஏற்றுக்கொண்ட மாதிரி அது. ஒரே துண்டாக வாட்சுக்கு அடியில் போவதால், ஒரு பின் போனாலும் இன்னொன்று தாங்கும்.

மணிக்கட்டில் சிவந்து அரிக்கிறதா? மலிவான செயினின் பூச்சு தேய்ந்தால், அடியிலுள்ள நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. தோல் பதனிடும் குரோமியமும் சிலருக்கு அப்படியே. வாட்சைக் கழற்றி வைத்து, துணிப் பட்டைக்கு மாறிப் பாருங்கள். ஆறாவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அளவெடுக்கப் பிள்ளைகளின் ஸ்கேல் போதும். வாரைத் தாங்கும் இரு காதுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அளவு. ஆண்கள் வாட்சில் பெரும்பாலும் 18 அல்லது 20 மில்லிமீட்டர் இருக்கும். காதுகளில் கீறல் விழாமல் டேப் ஒட்டிக்கொண்டு, பின்னின் முனையை மெல்லிய கருவியால் உள்ளே அழுத்தினால் வார் கழன்று வரும். அந்தப் பின் ஸ்பிரிங் உள்ளது, துள்ளி ஓடும்; கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். வாரை மாற்றும்போதே பின்னையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், சில்லறைக் காசுதான். கழற்றிய எஃகுச் செயினைச் சோப்பு நீரில் பழைய பிரஷ்ஷால் தேய்க்கலாம். வாட்சில் தண்ணீர் படுமோ என்ற பயமில்லை.

இந்த வேலையைக் குழந்தை தூங்கும்போது செய்யுங்கள். முக்கியமாக, பேட்டரி வாட்சின் செல்லைக் கீழே போட்டு வைக்காதீர்கள். விழுங்கிய செல் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.