இருபது வாட் அடுப்பில் இருநூறு பேருக்குப் பந்தி

மின்கிட்டார் வாங்கியாயிற்று. டிரம்ஸுக்கு ஒருவர், பேஸ் கிட்டாருக்கு ஒருவர், பாட ஒருவர் என்று குழுவும் சேர்ந்தாயிற்று. அடுத்தது ஆம்ப். கடைக்குப் போனால் 10 வாட், 20 வாட், 50 வாட், 100 வாட் என்று வரிசையாக நிற்கும். கையில் காசு இருந்தால் கண் நேராக 100-க்குத்தான் போகும். 50 வாட்டைவிட 100 வாட் இரண்டு மடங்கு சத்தம் போடும் என்பது நம் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. ஏன் தப்பு என்று புரிய எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்க வேண்டாம்; கல்யாண வீட்டுச் சமையல் கொட்டகையை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

முதலில், சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்ற சின்னப் பட்டை இருக்கும். உள்ளே காந்தம், அதைச் சுற்றி முடிபோன்ற செம்புக் கம்பி. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் இந்தக் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவுதான். சமையலில் இது எலுமிச்சை அளவு புளி. சாம்பாரின் உயிரே அதுதான், ஆனால் அதை அப்படியே இலையில் வைக்க முடியாது.

பிறகு அது ப்ரீஆம்ப் என்ற பகுதிக்குப் போகும். புளியைக் கரைத்து, உப்பும் காரமும் பார்க்கும் இடம் இது. ஆம்பின் முகப்பில் பேஸ், மிடில், ட்ரெபிள் என்று மூன்று குமிழ்கள் இருக்கின்றனவே, அவை அஞ்சறைப்பெட்டி. அடுத்து பவர் ஆம்ப். இதுதான் அடுப்பு. வாட் என்று கடைக்காரர் சொல்வது இந்த அடுப்பின் அளவை மட்டும்தான். கடைசியாக ஸ்பீக்கர், அதாவது பாத்திரம். அடுப்பின் சூடு பாத்திரம் வழியாகத்தான் சாம்பாருக்குப் போகிறது. ஆம்பின் வாட் ஸ்பீக்கர் வழியாகத்தான் காற்றுக்குப் போகிறது. வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கரை மாட்டாமல் வாசித்தால், போக இடமில்லாத சக்தி உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையே தீய்த்துவிடக்கூடும்.

சரி, அடுப்பு பெரிதானால் சத்தமும் அதே அளவு பெரிதாக வேண்டாமா? இங்கேதான் காது குறுக்கே வருகிறது. காது சத்தத்தை எண்ணுவது நாக்கு காரத்தை எண்ணுவதைப் போல. ஒரு மிளகாய் கிள்ளிப் போட்ட குழம்பில் இன்னொன்று போட்டால் உடனே தெரியும். ஐம்பது மிளகாய் போட்ட அண்டாவில் இன்னொன்று போட்டால் யாருக்குத் தெரியும்? அங்கே வித்தியாசம் தெரிய வேண்டுமானால் அள்ளித்தான் போட வேண்டும். ஆம்பின் சக்தியை இரட்டித்தால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். உற்றுக் கேட்டால் "கொஞ்சம் கூடியிருக்கிறதே" என்று தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பட வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆகவே 100 வாட் ஆம்பில் பாதிச் சத்தம் போடுவது 50 வாட் அல்ல, 10 வாட்.

அடுத்து, கடையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று: பாத்திரம் எப்படி? ஒரே தீயில் மெல்லிய அலுமினியச் சட்டி சீக்கிரம் சுடும். கற்சட்டி மெதுவாகத்தான் சுடும். ஸ்பீக்கரிலும் அப்படித்தான். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதை ஸ்பீக்கரின் விவரத்தாளில் போட்டிருப்பார்கள். செலெஸ்டியன் நிறுவனத்தின் வின்டேஜ் 30 என்ற புகழ்பெற்ற 12 அங்குல ஸ்பீக்கருக்கு அது 100 டெசிபல். வீட்டில் பாட்டு கேட்கும் ஸ்பீக்கர்கள் பலவும் 90-ஐக்கூட எட்டுவதில்லை. இப்போது கணக்குப் போடுங்கள். 97 டெசிபல் ஸ்பீக்கரோடு 50 வாட் ஆம்ப் போடும் சத்தத்தை, 100 டெசிபல் ஸ்பீக்கரோடு 25 வாட் ஆம்ப் போட்டுவிடும். ஸ்பீக்கரை மாற்றும் செலவு, ஆம்பை மாற்றும் செலவில் ஒரு பங்குதான் வரும். வாங்கும்போது வாட்டைக் கேட்கும் நாம் இந்த எண்ணைக் கேட்பதே இல்லை. விளம்பரத்திலும் இது பெரிய எழுத்தில் வராது.

இனி, ஒரு குழுவுக்கு எவ்வளவு வேண்டும்? அதை முடிவு செய்பவர் கிட்டார்காரர் அல்ல, டிரம்ஸ்காரர். குழுவில் வால்யூம் குமிழ் இல்லாத வாத்தியம் அது ஒன்றுதான். ஓங்கி அடித்தால் பக்கத்தில் 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். கொட்டகையில் கிரைண்டர் ஓடும்போது சமையல்காரர் உதவியாளைக் கூப்பிடுவார் இல்லையா, கிரைண்டரை மீறிக் கேட்கும் அளவுக்குக் குரலை உயர்த்தினால் போதும், ஊருக்கே கேட்கக் கத்த வேண்டியதில்லை. கிட்டாருக்கும் அதுவே அளவு.

20 வாட் ஆம்ப், 98 டெசிபல் ஸ்பீக்கர் என்று வையுங்கள். முழு 20 வாட்டையும் கொடுத்தால் ஒரு வாட்டுக்கு மேல் 13 டெசிபல் கூடும்; ஆகவே ஒரு மீட்டர் தூரத்தில் 111. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஆகவே நான்கு மீட்டரில் 99. அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் இவ்வளவுகூடக் குறையாது. டிரம்ஸோடு சரிக்குச் சரி நிற்க இது போதும். இதற்குப் பதிலாக 100 வாட்டை முடுக்கினால் கிடைப்பது இன்னும் 7 டெசிபல். அதற்கு என்ன நடக்கும் தெரியுமா? டிரம்ஸ்காரர் இன்னும் ஓங்கி அடிப்பார். பேஸ்காரர் குமிழைத் திருப்புவார். பாடகருக்குத் தன் குரல் கேட்காது, அவர் மைக்கைக் கூட்டச் சொல்வார், மைக் ஊளையிடும். ஒத்திகை சண்டையில் முடிவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

அப்படியானால் பெரிய ஆம்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, பால் காய்ச்சும்போது. பொங்கினாலும் வழியக் கூடாது என்றால் பாலின் அளவைவிடப் பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும். தந்தியைச் சுண்டும் அந்தக் கணத்தில் ஒலி சட்டென்று மேலே எழும்பும். ஜாஸ் வாசிப்பவருக்கு அந்த எழுச்சி கலங்காமல், சுத்தமாகக் கேட்க வேண்டும். ஆகவே மேலே வெற்றிடம் வேண்டும். 85 வாட் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் போன்றவை அவருக்குத்தான். ராக் வாசிப்பவருக்கோ தினமும் பொங்கல் பண்டிகை. பால் பொங்கி வழிந்தால்தான் அவருக்குக் கொண்டாட்டம்; டிஸ்டார்ஷன் என்பது அந்த வழிதல்தான். பெரிய பாத்திரத்தில் கொஞ்சம் பால் ஊற்றினால் அது வழியவே வழியாது. 100 வாட் வால்வு ஆம்பைச் சின்ன அறையில், வால்யூம் குமிழை ஒன்றில் வைத்து வாசிப்பவர் தேடும் ஒலி கிடைக்காமல் தவிப்பது அதனால்தான்.

வால்வு ஆம்பும் டிரான்சிஸ்டர் ஆம்பும் பிரிவதும் இதே இடத்தில்தான். வால்வு எல்லையைத் தாண்டும்போது ஒலி மெல்ல மெல்லக் கரகரப்பாகும்; காதுக்கு அது இனிமை. டிரான்சிஸ்டரோ எல்லைவரை சுத்தமாக இருந்துவிட்டு, தாண்டியதும் ஒலியின் தலையை அரிவாளால் சீவியதுபோல் வெட்டிவிடும். ஆகவே வால்வு ஆம்பை எல்லை தாண்டியும் ஓட்டலாம், டிரான்சிஸ்டரை எல்லைக்குள்ளேயே ஓட்ட வேண்டும். 20 வாட் வால்வு ஆம்ப் 50 வாட் டிரான்சிஸ்டருக்குச் சமம் என்று வாசிப்பவர்கள் சொல்வதன் காரணம் இது. வாட் என்னவோ இரண்டிலும் ஒரே வாட்தான்.

பிறகு 100 வாட் ஆம்புகள் எதற்குப் பிறந்தன? 1960-களில் பந்தி பரிமாற ஆள் இல்லாததால். அன்று மைக் செட் பாடகரின் குரலைத் தூக்கவே திணறியது. கிட்டாரின் சத்தம் முழுவதும் மேடையில் இருந்த ஆம்பிலிருந்தே கடைசி வரிசைவரை போக வேண்டும். அதனால் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்க, மேற்கு லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1965 வாக்கில் 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தார். கோட்டை அடுப்பு! அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் 55,000-க்கும் மேற்பட்டவர்கள் முன் வாசித்தபோது வாக்ஸ் நிறுவனம் கொடுத்ததும் 100 வாட் ஆம்புகளைத்தான். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை.

இன்று பரிமாற ஆள் வந்துவிட்டார்கள். ஆம்பின் முன்னால் ஒரு மைக்கை வைத்தால், அது மிக்ஸருக்குப் போய், மைக் செட்டின் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாக மைதானம் முழுவதும் போய்ச் சேரும். சமையல்காரர் நின்ற இடத்திலிருந்தே கடைசி இலைக்குக் கரண்டியை வீச வேண்டியதில்லை; ருசியாகச் சமைத்தால் போதும், வாளியைத் தூக்க வேறு ஆள் இருக்கிறார். நீல் யங் பல்லாயிரம் பேர் கூடும் அரங்குகளில் 1950-களின் ஃபெண்டர் டீலக்ஸ் ஆம்பில் வாசிக்கிறார். அதன் சக்தி ஏறத்தாழ 15 வாட். குவீன் குழுவின் பிரையன் மே வாழ்நாள் முழுவதும் நம்பியது 30 வாட் வாக்ஸ் ஏ.சி.30-ஐ. நம் ஊர் லைட் மியூசிக் மேடைகளில் ஆம்பே இல்லாமல் கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகி வாசிப்பவர்களும் நிறைய.

பேஸ் கிட்டார் மட்டும் விதிவிலக்கு. கீழ் சுரங்களுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரும் அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். ஆகவே டிரம்ஸோடு வாசிக்கும் பேஸ்காரருக்கு 200, 300 வாட் என்பது ஆடம்பரம் அல்ல. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. வால்வு ஆம்பே 300 வாட்.

இன்னும் கேட்கவில்லை என்றால், வாட்டைக் கூட்டும் முன் ஆம்பைத் தூக்கி நாற்காலியில் வையுங்கள். கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேராகத்தான் போகும். தரையில் வைத்தால் அது வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் கேட்கும். பிறகு மிடில் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாக வாசிக்கும்போது மிடில் குறைந்த ஒலி அழகாக இருக்கும், குழுவில் அது காணாமல் போய்விடும்.

ஆகவே வால்வு என்றால் 15 முதல் 30 வாட், டிரான்சிஸ்டர் என்றால் 50 முதல் 100 வாட், இரண்டிலும் நல்ல ஸ்பீக்கர்: பெரும்பாலான குழுக்களுக்கு இதற்கு மேல் தேவையில்லை. பெரிய மேடைக்கு ஒரு மைக் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கடைசியாக. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் எல்லை, 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம்; 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். எந்த ஒத்திகையும் அதற்குள் முடிவதில்லை. முதலில் குழுவில் நான்கு பேருக்கும் காதடைப்பான் வாங்குங்கள், மிச்சப் பணத்துக்கு ஆம்ப் பாருங்கள்.