பல உலாவிகளில் ஒரே சோதனை

இணையச் செயலியைத் தானியங்கியாகச் சோதிப்பது என்றால், பயனர் செய்வதை எல்லாம் ஒரு நிரலே செய்து பார்ப்பது. ஸ்கிரிப்ட் எனப்படும் அந்த நிரல் பக்கத்தைத் திறக்கும், பெயரை நிரப்பும், பட்டனை அழுத்தும், வந்த விடை சரிதானா என்று ஒப்பிடும். பிறகு அதே படிகளை வேறோர் உலாவியில் முதலிலிருந்து தொடங்கும்.

உலாவிகள் பல இருந்தாலும் அவற்றின் உள்ளே ஓடும் இயந்திரங்களில் முதன்மையானவை மூன்றே: குரோமிலும் எட்ஜிலும் பிளிங்க், ஃபயர்பாக்ஸில் கெக்கோ, சஃபாரியில் வெப்கிட். இந்தியாவில் ஐபோனில் குரோமைத் திறந்தாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். தரநிலை ஒன்றே என்றாலும் ஒரு வசதி எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. எடுத்துக்காட்டாக, மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண நுழைவுச்சீட்டை இணையத்திலேயே எடுக்கலாம். அந்தப் பக்கத்தைப் பழைய ஆண்ட்ராய்டு போனிலும் திறப்பார்கள், புதிய ஐபோனிலும் திறப்பார்கள். பணம் கட்டும் பட்டன் ஓர் உலாவியில் மட்டும் வேலை செய்யாவிட்டால், அந்த உலாவியை வைத்திருப்பவருக்கு அந்தத் தளமே இல்லை.

இத்துறையின் முன்னோடிக் கருவி செலினியம். 2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஜேசன் ஹக்கின்ஸ் அலுவலக உள்பயன்பாட்டுச் செயலி ஒன்றைச் சோதிக்க அதை எழுதினார். தொடக்கத்தில் அது பக்கத்துக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டாக ஓடியதால், உலாவியின் பாதுகாப்பு விதிகள் அதன் கையைக் கட்டிப்போட்டன. சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர் உலாவியை வெளியிலிருந்து இயக்கியது. 2011இல் இரண்டும் செலினியம் 2 என இணைந்தன. ஸ்கிரிப்ட் இடும் கட்டளையை அந்தந்த உலாவிக்கான டிரைவர் வாங்கி நிறைவேற்றும். குரோமுக்கு ஒன்று, ஃபயர்பாக்ஸுக்கு ஒன்று என டிரைவர் மாறும், ஸ்கிரிப்ட் மாறாது. இந்த முறையை, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் தரநிலையாக்கியது. இதே வேலைக்கான இன்னொரு கருவியான மைக்ரோசாஃப்டின் பிளேரைட் 2020இல் வந்தது. எல்லாப் போன்களையும் வாங்கி அடுக்க முடியாத நிறுவனங்களுக்கு, 2011இல் மும்பையில் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக் உண்மையான சாதனங்களை இணையம் வழியே வாடகைக்குத் தருகிறது.

சோதனை எழுதுவோரை அதிகம் அலைக்கழிப்பது காத்திருப்பு. பக்கம் முழுதாக வருமுன் ஸ்கிரிப்ட் பட்டனைத் தேடினால் சோதனை தவறும், அடுத்த முறை தேறும். இத்தனை விநாடி என்று பொதுவாக நிறுத்தி வைப்பதைவிட, குறிப்பிட்ட பட்டன் தோன்றும்வரை காத்திருக்கச் சொல்வதே சரி.

தமிழ் வரும் இடத்தில் சோதனை இன்னும் கூர்மையாக வேண்டும். ‘செங்கல்பட்டு’ என்ற சொல்லில் எழுத்துகள் 7, யூனிகோடு குறியீடுகள் 12. பத்துக் குறியீடுகளுக்குமேல் ஏற்காத பெட்டியில் அது ‘செங்கல்பட்’ என்று நின்றுவிடும். எழுத்துகளைச் சரியாக எண்ணித் தரும் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) வசதி குரோமுக்கு 2020இலேயே வந்துவிட்டது, ஃபயர்பாக்ஸுக்கு 2024இல்தான் வந்தது. இடையில் இருந்த நான்காண்டுகளில் குரோமில் மட்டும் சோதித்தவர்களுக்கு ஃபயர்பாக்ஸில் அது இல்லாத குறை கண்ணில் பட வழியே இல்லை. ‘கோவளம்’ இன்னொரு வகை. ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஆனால் நேராக ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். தேடலில் ஊர் அகப்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது கட்டாயம்.

மேலே சொல்லாக வந்த செங்கல்பட்டுக்கு இத்துறையோடும் தொடர்பு உண்டு. சிறுசேரி சிப்காட், பரனூர் மகிந்திரா சிட்டி, கூடுவாஞ்சேரி அருகே எஸ்டான்சியா எனச் செங்கல்பட்டு மாவட்டமே மென்பொருள் வளாகங்களின் வரிசை. எஸ்டான்சியாவில் தலைமையகம் கொண்ட சோஹோ 2023இல் ‘உலா’ என்ற உலாவியையே வெளியிட்டது. அது குரோமுக்கும் அடிப்படையான குரோமியத்தின் மீது கட்டப்பட்டது. ஆகவே குரோமில் தேறிய பக்கம் பெரும்பாலும் அதிலும் தேறும். ஆனால் பயனரைப் பின்தொடரும் நிரல்களை உலா தடுப்பதால், அவற்றை நம்பி எழுதிய பக்கம் அங்கே வேறுவிதமாக நடக்கலாம். இயந்திரம் ஒன்றுதான் என்பதற்காக அந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

எழுத்து உடைந்திருப்பதையும் வரி பிசகியிருப்பதையும் திரைப்பிடிப்புகளை ஒப்பிட்டு நிரல் ஓரளவு பிடிக்கும். படிக்க வசதியாக இருக்கிறதா என்பதை மனிதக் கண்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு மக்களுக்காகச் செயலி எழுதுவோர் சோதனைப் பெயராக ஆங்கிலப் பெயர்களோடு நிறுத்தாமல், செங்கல்பட்டையும் கோவளத்தையும் தமிழிலேயே இட்டு, மூன்று இயந்திரங்களிலும் ஓட்டிப் பார்க்கட்டும்.