ஊராட்சி யாருடைய ஆட்சி?

செந்துறை ஊராட்சி ஒன்றியத்தில் 30 ஊராட்சிகள். அத்தனை ஊர் மக்களும் 2019 டிசம்பரில் வரிசையில் நின்று வாக்களித்துத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தனர். 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர் வந்தார்! ஊராட்சி என்றால் ஊரார் ஆட்சி என்றன்றோ நாம் பொருள் கொண்டிருந்தோம்?

இது புதிய வழக்கமுமல்ல. 1970-க்குப் பின் ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986-இல். அதற்குப் பின் 1996-இல். ஐந்தாண்டுக்கொரு தேர்தல் கட்டாயம் என்று 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்த பிறகும், 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுக்கு மேல் தலைவர் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒருமுறை வழக்கு என்றனர். மறுமுறை வார்டு வரையறை என்றனர்.

1976-இலும் 1991-இலும் தமிழகத்தின் ஆட்சி கலைக்கப்பட்டபோது மாநில உரிமை பேசுவோர் நெஞ்சு கொதித்தது. மக்கள் தேர்ந்தெடுத்ததைக் கலைக்க டில்லிக்கு ஏது உரிமை என்றோம். நியாயமான கேள்வி. அதே கேள்வியைச் செந்துறைக்காரர் சென்னையை நோக்கிக் கேட்டால் என்ன விடை சொல்வோம்?

1958-இல் சென்னை ஊராட்சிகள் சட்டம் வந்து ஒன்றியங்கள் பிறந்தபோது, ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவின் உறுப்பினர்கள். எந்த ஊர்க் கிணறு வற்றியது என்று அறிந்தவரே பணத்தைப் பங்கிட உட்கார்ந்தார். தொடக்கப் பள்ளியும் ஒன்றியத்தின் பொறுப்பு. குறை இல்லாமல் இல்லை. பண்ணையார் பிடியில் சிக்கிய ஒன்றியங்கள் உண்டு, ஆசிரியர் மாறுதலை ஆயுதமாக்கிய தலைவர்கள் உண்டு. 1981-இல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியர் நிம்மதி பெற்றதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பலகை? ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்றே நிற்கிறது. பெயர் ஒன்றியத்துக்கு, பிடி கோட்டைக்கு!

1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றியக் குழுவுக்குத் தனி உறுப்பினர்களைத் தந்தது. ஊராட்சித் தலைவர் வெளியே நின்றார். அதே சட்டம் பெண்களுக்கும் ஆதிதிராவிடருக்கும் கதவு திறந்ததை மறக்கமாட்டோம். 2016-இல் பெண்களின் பங்கு பாதியாயிற்று. பெரும் மாற்றம்தான். நாற்காலி கிடைத்தது, பெட்டிச் சாவி?

அரியலூர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி, எங்கெங்கோ மாடிகளாக உயர்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்கென்று 2015 சட்டத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளையை ஏற்படுத்தியது. அதற்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். பள்ளம் ஊரில், பங்கீடு ஆட்சியர் அலுவலகத்தில்!

குடிநீர் முதல் தொடக்கக் கல்வி வரை 29 துறைகளை அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை வரிசைப்படுத்துகிறது. அவற்றை ஊராட்சிகளுக்கு மாநிலம் ‘வழங்கலாம்’ என்கிறதே தவிர, ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை நம் சட்டமன்றம் தன் சட்டத்தில் ‘வேண்டும்’ என்று எழுதிக்கொள்ள முடியும். அதற்கு டில்லியின் அனுமதி தேவையில்லை.