சாயத் தண்ணீரும் கம்பெனிச் சட்டமும்

நொய்யல் கரை விவசாயிகளுக்குச் சாயக் கழிவு செய்த கேட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில், "தண்ணீர் தேக்க வேண்டாம்" என்று சில ஆண்டுகளிலேயே விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகளின் உப்புத் தண்ணீர் அணையில் தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் இறங்கிவிட்டது. இந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும்

பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட் இதற்கு விடை சொன்னது. நீரையும் நிலத்தையும் கெடுத்தவரே நஷ்ட ஈடும், சீர் செய்யும் செலவும் தர வேண்டும் என்பது அத்தீர்ப்பு. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களும் சங்கமாகச் சேர்ந்து ஐகோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே விடக்கூடாது என்று 2006 டிசம்பரில் ஐகோர்ட் உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. அப்படியும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடும்படி ஐகோர்ட் ஆணையிட்டது. கழிவு நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு செய்த பிறகே அவை திறக்க முடிந்தது.

2 சதவீதம் என்பது என்ன?

1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் டைரக்டர்களுக்குச் சுற்றுச்சூழல் பற்றிய கடமை எதுவும் எழுதப்படவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, பங்குதாரர்களோடு தொழிலாளர், ஊர் மக்கள், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் டைரக்டர்கள் காக்க வேண்டும் என்கிறது.

135-ஆம் பிரிவு பெரிய கம்பெனிகளுக்கு. நிகர லாபம் 5 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றை எட்டினாலும், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே குளம் தூர்வார, தடுப்பணை கட்ட ஊராட்சி மூலம் கேட்கலாம். கூட்டு வியாபாரமாகவோ, தனி முதலாளியாகவோ நடத்தும் பட்டறைகளுக்கு இப்பிரிவு பொருந்தாது.

இங்கேதான் விவசாயிகள் ஏமாந்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குச் சுவர் கட்டித் தந்துவிட்டதால், கிணற்றைக் கெடுத்த கடன் தீராது. வேறு சட்டப்படி செய்தே ஆக வேண்டியதை 2 சதவீதக் கணக்கில் காட்டக்கூடாது என்பது விதி. சுத்திகரிப்பு நிலையச் செலவு அப்படிப்பட்டதே. சிறு பட்டறையானாலும் 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான்.

செய்ய வேண்டியவை

1. கிணற்று நீரில் சந்தேகம் வந்தால், மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை நன்றாக அலசி மாதிரி எடுங்கள். மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்துத் திறன் 3 டெசிசைமனுக்கு மேல் இருந்தால், பெரும்பாலான பயிர்களுக்கு அந்த நீர் ஆகாது.

2. அறிக்கையுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். ஆலைக் கழிவை வாரிய அலுவலர் முறைப்படி எடுத்த மாதிரிதான் வழக்கில் நிற்கும். நாம் எடுப்பது அவரை வரவழைக்கவே.

3. சாகுபடிச் செலவு, மகசூல் கணக்கை ஆண்டுவாரியாக எழுதி வையுங்கள். கணக்கு இல்லாமல் நஷ்டத்தை நிரூபிப்பது கடினம்.

4. நஷ்ட ஈட்டுக்குச் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வை அணுகலாம். கேடு முதலில் ஏற்பட்டதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

தனி ஒருவர் போனால் செலவும் அலைச்சலும் அதிகம். ஒரே வாய்க்காலைச் சேர்ந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து செல்வதே நல்லது. நொய்யல் விவசாயிகள் அப்படித்தான் ஜெயித்தார்கள்.