ஸ்திரீ வருகிறாள், ஆண்களே வெளியே போகாதீர்கள்!

2018 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இந்திப் படம் ‘ஸ்திரீ’. அமர் கௌஷிக் இயக்கம். பிரம்மாண்ட செட் கிடையாது. பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்துச் சந்தேரியின் பழைய சந்துகளிலேயே எடுத்தார்கள்.

திருவிழாவின் நான்கு இரவுகளிலும் ஒரு பெண் பேய் ஆண்களைத் தூக்கிச் செல்லும். உடுப்பு மட்டுமே மிஞ்சும். அதற்கு அஞ்சி வீட்டுச் சுவர்களில் “ஓ ஸ்திரீ, நாளை வா” என்று எழுதி வைப்பார்கள். 1990களில் கர்நாடகத்தில் கதவுகளில் ‘நாளே பா’ என்று எழுதிய வழக்கத்தின் சாயல் இது.

ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரித்தது எதற்குத் தெரியுமா? இருட்டியபின் தனியே போகாதே என்று பெண்கள் காலங்காலமாகக் கேட்டுவரும் புத்திமதியை இங்கே ஆண்கள் கேட்கிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம்தான் படத்தின் உயிர். பேய்கூடப் பெயர் சொல்லி அழைத்து, ஆண் திரும்பிப் பார்த்தால்தான் நெருங்குகிறது!

ஷ்ரத்தா கபூர் ஏற்ற பெயரில்லாப் பாத்திரம் யார், மனுஷியா, சூனியக்காரியா? கடைசிக் காட்சியில் பேயின் சடையைத் தன் கூந்தலோடு அவர் சேர்த்ததும், அரங்கை விட்டு வந்தவர்கள் விவாதிக்கத் தொடங்கினார்கள். வசூல் நூறு கோடியைத் தாண்டியது. இரண்டாம் பாகம் 2024 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது.