மிளகரணையின் ஆப்பிரிக்க வீடு

கென்யாவின் மலைக்காட்டு ஓரத்தில் நடக்கும்போது பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தால், அது மிளகரணைக் கொடியாக இருக்கலாம். முன்னே திமிறினால் இன்னும் ஆழமாக மாட்டும். ஓரடி பின்வாங்கினால்தான் விடும். முட்கள் அத்தனையும் கீழ்நோக்கி வளைந்த கொக்கிகள். தண்டில் மட்டுமா, இலைக்காம்பிலும் உண்டு.

ஆடுமாடு மேயாமலிருக்கத்தான் இந்த முள் என்று நினைத்தால் பாதிதான் சரி. இந்தச் செடிக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தனியாக உயர்ந்து நிற்கத் தண்டில் வலுவும் போதாது. இளங்கொம்பு பக்கத்து மரத்தின்மேல் சாயும். காற்றில் ஆடும்போது கொக்கி எங்காவது மாட்டிக்கொள்ளும். அந்தப் பிடியை நம்பி அடுத்த கொம்பு இன்னும் மேலே போகும். இப்படியே பத்து மீட்டர்வரை ஏறிவிடும். மரம் இல்லாத வெளியிலோ வெறும் புதராகப் படர்ந்து கிடக்கும். தண்டு முதிர முதிர முட்களுக்கு அடியில் தக்கை திரண்டு கூம்புக் குமிழ்களாகும். முற்றிய தண்டைத் தடவினால் முதலையின் முதுகைத் தொட்டதுபோல் இருக்கும்.

இலை மும்மூன்றாகச் சேர்ந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் பொட்டுப் பொட்டாகத் தெரிவது எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் எலுமிச்சை வாசம். எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் இதன் குடும்பம்தான். ஆண்பூ ஒரு கொடியில், பெண்பூ வேறு கொடியில். பழம் ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர். ஆரஞ்சு நிறம், ஆரஞ்சுத் தோலின் அதே குழிகள். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இதற்கு 'ராங்க்லமுங்கி', படரும் குட்டி ஆரஞ்சு என்று பெயர். எலுமிச்சைச் செடியில் முட்டையிடும் ஆப்பிரிக்க வாலழகி வண்ணத்துப்பூச்சிகளும் இதைத் தேடி வருகின்றன.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் தொடங்கி மொசாம்பிக், தான்சானியா, கென்யா வழியாக எத்தியோப்பியாவரை இது பரவியிருக்கிறது. மடகாஸ்கரிலும் உண்டு. கடலுக்கு இந்தப் பக்கம் இந்தியா, இலங்கை, சீனா, பிலிப்பைன்ஸ். இவ்வளவு தூரமும் ஒரே இனம். நெடுங்காலம் இதற்கென்றே வழங்கிவந்த 'டொடாலியா' என்ற பேரினத்தில் இன்று வாழும் வேறு இனமே இல்லை. பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோகும் பறவைகளுக்கு இந்தப் பரவலில் பங்குண்டு. ஆனால் கதை அதைவிடப் பழையது. இன்று இச்செடி இல்லாத ஐரோப்பாவிலும் மேற்கு சைபீரியாவிலும் இந்தப் பேரினத்தின் விதைகள் புதைபடிவங்களாகக் கிடைத்திருக்கின்றன.

பெயரும் ஊர் சுற்றியதுதான். கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடின் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் 'காக்கத் தொடலி' என்ற மலையாளப் பெயர் பதிவானது. அந்தத் தொடலிதான் லத்தீன் வேடமிட்டு டொடாலியா ஆயிற்று. நம் முட்செடிப் பெயர் 'தொடரி'யைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு விளங்கும். லின்னேயஸ் 1753-இல் இனப்பெயராக 'ஏசியாட்டிக்கா' என்று வைத்துவிட்டார். ஆப்பிரிக்கப் பாதிக்கு அந்தப் பெயரில் இடமில்லாமல் போனது.

ஐரோப்பிய மருந்துக் கடைகளிலோ கதை தலைகீழ். 1671-இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி 'லோப்பஸ் வேர்' என்ற சரக்கைப் பற்றி எழுதினார். லோப்பஸ் என்ற போர்த்துக்கீசியர் அதைச் சாம்பசி ஆற்று முகத்துவாரத்தில் கண்டெடுத்ததாகப் பேச்சு. நூறாண்டு கழித்து, 1771-இல், லெய்டன் மருத்துவர் காபியஸ் அதை வயிற்றுப்போக்கு மருந்தாகப் பரிந்துரைத்தார். அந்த வேர் மிளகரணை வேர்தான். சித்த மருத்துவத்திலும் இதன் வேர்ப்பட்டைக்கு இடமுண்டு.

கென்யாவின் பொக்கோட் மக்கள் இதன் வேரைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்தார்கள். அதிலிருந்து பிரித்த நிட்டிடின் என்ற பொருள் மலேரியாக் கிருமியைத் தாக்குவதாக 1995-இல் ஆய்வுக்கூடச் சோதனை முடிவு வந்தது. சோதனைக் குழாயில் கிருமி சாவது வேறு, நோயாளி பிழைப்பது வேறு. வேரைத் தோண்டினால் கொடியும் பிழைப்பதில்லை என்பது அங்குள்ள இன்னொரு தொல்லை.

பழத்தில் அந்த வம்பு இல்லை. கோரமண்டலக் கரையில் செடிகளை ஆராய்ந்த ராக்ஸ்பரோ, பழுத்த கனி மிளகுக்குச் சற்றும் குறையாத காரம் என்றும், ஊர்க்காரர்கள் போடும் ஊறுகாய் அருமை என்றும் எழுதிவைத்திருக்கிறார். எந்தக் கடை ஊறுகாய் வரிசையிலும் நான் இதுவரை அதைப் பார்த்ததில்லை.