வெப்லியின் வாரிசு

சேலம், நாமக்கல் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்கார அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்லி ரிவால்வர் மாதிரியே ஒன்று வாங்க ஆசைப்படுகிறார். உருவம் கிடைக்கும், உள்ளே போகும் தோட்டாதான் வேறாக இருக்கும்.

நம் ஆயுத விதிகளின் முதல் வகை, .380, .455 தோட்டாக்களோ ராணுவத்தின் 9 மி.மீ. தோட்டாவோ நுழைந்து வெடிக்கக்கூடிய கைத்துப்பாக்கிகளைத் தடுத்து வைத்திருக்கிறது. சட்டத்துக்கு முகம் முக்கியமில்லை, தோட்டா உட்காரும் அறையின் அளவுதான் முக்கியம். படை முகாமிலிருந்து கசிந்த தோட்டா வெளியே எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தக் கூடாது. திருச்செங்கோட்டு ரிக் போட்ட நாலரை அங்குல ஆழ்துளைக் கிணற்றில் ஆறு அங்குல மோட்டார் இறங்குமா? அதே கணக்குதான் இதுவும்.

ஆகவே கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை வெப்லி மார்க் 4 ரிவால்வரின் உடலை வைத்துக்கொண்டு, .32 தோட்டாவுக்கு ஏற்ப அறையைச் சிறிதாக்கியது. வெப்லிக்கு இது இரண்டாவது சுருக்கம். 1887ல் பிரிட்டிஷ் படை ஏற்ற முதல் மாடல் .455. அந்தக் கனத்த குண்டைக் குறி தவறாமல் சுட நிறையப் பயிற்சி வேண்டும் என்பதை முதல் உலகப்போர் காட்டியது. பிறகு படையே .38க்கு இறங்கியது.

வெப்லியின் அழகு அதன் கீலில் இருக்கிறது. சுத்தியலுக்குப் பக்கத்தில் உள்ள தாழை விரலால் அழுத்தினால் குழலும் சிலிண்டரும் முன்பக்கம் மடங்கிக் கொடுக்கும். நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி ஆறு வெற்றுறைகளையும் ஒரே தள்ளலில் வெளியேற்றும். பார்க்கச் சுகமான வேலை. ஆனால் பலவீனமும் அங்கேயேதான். வெடிக்கும்போது எழும் விசையை அந்தத் தாழும் கீலும் தாங்க வேண்டும். .357 மேக்னம் போன்ற உக்கிரமான தோட்டாக்களுக்கு மடங்காத, ஒரே துண்டாலான உடல்தான் சரி. அதனால்தான் உலகின் மற்ற இடங்களில் இந்த மடக்கு ரிவால்வர் வழக்கொழிந்தது. .32 தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் மேக்னத்தில் பாதிகூட இல்லை. பழைய கீல் அதைச் சுலபமாகத் தாங்கும். குற்றத்தைத் தடுக்க எழுதிய விதி, யாரும் நினைக்காமலே ஒரு பழைய பொறியமைப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

கையில் படும் உதைப்பும் மாறுகிறது. படையின் .38 குண்டு 13 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 190 மீட்டர். .32 குண்டு ஏறக்குறைய 6.4 கிராம், வேகம் 215 மீட்டர். எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். எடையைக் கிலோவில் வைத்தால் முன்னது 2.5, பின்னது 1.4 அளவில் வரும். முன்னே போகும் உந்தத்துக்குச் சமமானது பின்னே கைக்கு வருகிறது. எனவே தோட்டக்காரர் உணர்வது வெப்லியின் உதையில் பாதியைவிடச் சற்றே கூடுதல்.

துப்பாக்கியின் எடையும் கணக்கில் உண்டு. கான்பூரின் .32 சுமார் 700 கிராம். கான்பூரிலேயே 2014ல் பெண்களை மனதில் வைத்து டைட்டானியக் கலவையில் வெளியிட்ட ‘நிர்பீக்’ ஏறத்தாழ 500 கிராம்தான். கைப்பையில் சுமக்க லேசு. ஆனால் உந்தம் மாறாமல் எடை மட்டும் குறைந்தால் பின்னோக்கிய வேகம் கூடும். சுடும்போது மணிக்கட்டில் வலுவாக இடிப்பது லேசான துப்பாக்கிதான்.